வீட்டுக் கணினியில் வங்கிக் கணக்கு: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, பரந்தன் போன்ற இடங்களுக்கு உட்கிராமத்திலிருந்து பேருந்தில் போய், வங்கியில் வரிசையில் நின்று, திரும்பி வருவதற்குள் அரை நாள் கழிந்துவிடும். அதனால் ஆசிரியர்கள், ஓய்வூதியர்கள், நெல் விற்ற கமக்காரர்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளிடமிருந்து காசு பெறும் பெற்றோர் எனப் பலரும் வீட்டுக் கணினியிலேயே வங்கி வேலைகளை முடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. கைத்தொலைபேசிச் செயலிகளைப் பற்றித் தேவையான இடத்தில் மட்டுமே பேசப்படும்.

என் கணக்கில் பெரிய தொகை எதுவும் இல்லை. என்னிடம் திருட யார் வரப்போகிறார்கள்?

உங்களைப் பெயர் சொல்லித் தேடி எவரும் வருவதில்லை. கடவுச்சொற்களைத் திருடும் நிரல்கள் ஆயிரக்கணக்கான கணினிகளில் கண்மூடித்தனமாகப் பரவி, அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போகின்றன. யாருடைய கணக்கில் என்ன இருக்கிறது என்பதைப் பின்னர்தான் பார்க்கிறார்கள். மீதி குறைவாக உள்ள கணக்கும் அவர்களுக்குப் பயன்படும், ஏனெனில் இன்னொருவரிடம் திருடிய காசை அதனூடாகக் கடத்தலாம்.

பெரிய இடங்களுக்குள் நுழைவதும் பல வேளைகளில் சாதாரண மேசைக் கணினி ஒன்றினூடாகத்தான். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கிலிருந்து 10 கோடி டொலருக்கு மேல் திருடப்பட்டபோது, அதில் 2 கோடி டொலர் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. பெறுநரின் பெயரில் ஆங்கில எழுத்துப் பிழை இருந்ததால் சந்தேகம் எழுந்து அந்தப் பகுதி தடுத்து நிறுத்தப்பட்டது. பிலிப்பைன்ஸ் போன 8 கோடி 10 இலட்சம் டொலரில் பெரும்பகுதி திரும்பவில்லை. வேலை தேடி விண்ணப்பிப்பவர் எழுதியதுபோல வங்கி ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல்களில் இருந்துதான் அந்தத் திருட்டுக்கான ஆயத்தம் தொடங்கியது என்று அமெரிக்கப் புலனாய்வாளர்கள் பின்னர் பதிவு செய்தார்கள். ஊழியர் ஒருவரின் மேசைக் கணினியில் தொடங்கக்கூடிய ஒரு காரியம், நம் வீட்டு மேசையிலும் தொடங்கக்கூடும்.

என்னிடம் இருப்பது பழைய கணினி. விண்டோஸ் 7 நன்றாகத்தான் ஓடுகிறது. அதில் வங்கி வேலை செய்யலாமா?

செய்யாதீர்கள். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரி 14இல் நிறுத்திவிட்டது, விண்டோஸ் 8.1க்கு 2023 ஜனவரியில் நிறுத்தியது. அதன் பின்னர் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அந்தக் கணினிகளில் அடைக்கப்படாமலே கிடக்கின்றன. கூகுள் குரோம் உலாவியும் 110ஆம் பதிப்பிலிருந்து அவற்றை ஆதரிப்பதில்லை. கணினி நன்றாக ஓடுகிறது என்பதற்கும் அது பாதுகாப்பானது என்பதற்கும் தொடர்பே இல்லை.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. வீட்டுப் பாவனையாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை திருத்தங்களைப் பெறலாம். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது 2018க்கு முன் வந்த பெரும்பாலான கணினிகளை ஏற்காது; இரண்டாம் கை மடிக்கணினிகள் அதிகம் புழங்கும் நமது பக்கத்தில் இது பலருக்கும் தடையாக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை நிறுவிக்கொள்ளலாம். எட்டுப் பத்து வருடப் பழைய கணினியிலும் அவை தாராளமாக ஓடும், திருத்தங்களும் ஒழுங்காக வரும். விண்டோஸைத் துடைத்தெறிய மனம் இல்லாவிட்டால், ஒரு பென்டிரைவில் அவற்றை ஏற்றி, வங்கி வேலைக்கு மட்டும் அதிலிருந்து கணினியை இயக்கவும் முடியும். வங்கித் தளம் உலாவியில் ஓடுவதால், கீழே எந்த இயங்குதளம் இருக்கிறது என்பது வங்கிக்கு ஒரு பொருட்டே அல்ல.

கணினி வாங்கிய கடையில் விண்டோஸ், ஒஃபிஸ், ஃபோட்டோஷொப் எல்லாம் இலவசமாகப் போட்டுத் தந்தார்கள். அதில் ஏதும் பிழை உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருப்பவர் இதை வாசிக்க வேண்டும் என்பதே எமது கருத்து. உரிமம் இல்லாத விண்டோஸையும் ஒஃபிஸையும் உயிர்ப்பிப்பதற்குக் கடைக்காரர் ஒரு சிறு நிரலை ஓட விடுகிறார். அது ஓடுவதற்காக வைரஸ் தடுப்பை முதலில் நிறுத்துகிறார். அந்த நிரலை எழுதியவர் யார், அதனுடன் சேர்த்து வேறென்ன வைத்திருக்கிறார் என்பது கடைக்காரருக்கும் தெரியாது. கேஎம்எஸ்பிக்கோ என்ற பெயரில் சுற்றும் உயிர்ப்பிக்கும் நிரலின் போலிப் பிரதிகளுக்குள் கடவுச்சொல் திருடும் நிரல்கள் ஒளித்து வைக்கப்பட்டிருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2021இல் எடுத்துக் காட்டினார்கள். அத்தகைய நிரல்கள் உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும், நீங்கள் உள்ளே நுழைந்திருக்கும் தளங்கள் உங்களை அடையாளம் காண வைத்திருக்கும் கோப்புகளையும் (குக்கி) ஒரே தடவையில் வெளியே அனுப்பிவிடும். கணினி மெதுவாவதுமில்லை, திரையில் எச்சரிக்கை வருவதுமில்லை.

விளையாட்டுகளுக்கும் படம் திருத்தும் மென்பொருள்களுக்கும் இணையத்தில் இறக்கும் ‘கிராக்’, அதாவது உரிமப் பூட்டை உடைக்கும் நிரல், இதே வகையைச் சேர்ந்தது. தமிழ் எழுத்துருவும் தட்டச்சு மென்பொருளும் தேடிக் கண்ட கண்ட தளங்களில் இறக்குவதையும் இதனுடன் சேர்த்தே சொல்ல வேண்டும். பாமினி எழுத்துரு வேண்டிச் சங்கக் கடிதம் அடிப்பவர், எழுத்துருவுடன் சேர்ந்து வரும் இன்னொரு நிரலையும் கவனியாமல் நிறுவிவிடுகிறார். யுனிகோட் தமிழில் எழுதுவதற்கு விண்டோஸ் 10இலும் 11இலும் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட கணினியைத்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால், அதை முழுமையாக அழித்து, உரிமம் உள்ள விண்டோஸையோ இலவச லினக்ஸையோ புதிதாக நிறுவுங்கள். பின்னர் வங்கி, மின்னஞ்சல் ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றுங்கள். இந்த வரிசை முக்கியமானது: அழிப்பதற்கு முன் அந்தக் கணினியிலேயே மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் போய்விடும்.

வைரஸ் தடுப்பு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுடன் வரும் மைக்ரோசொஃப்ட் டிஃபெண்டர் வீட்டுப் பாவனைக்குப் போதுமானது. அது நிறுத்தப்படாமல் இருக்கிறதா என்பதையும், விண்டோஸ் திருத்தங்கள் ஒழுங்காக வருகின்றனவா என்பதையும் இடையிடையே பாருங்கள். டேட்டா முடிந்துவிடும் என்று அஞ்சித் திருத்தங்களைத் தள்ளிப் போடுவது நம்மிடையே பரவலாக உள்ளது. இரவு நேர டேட்டா கிடைக்கும் பொதி இருந்தால் அந்நேரத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

வீட்டில் ஒரே கணினிதான். பிள்ளைகள் படிப்பதும் விளையாடுவதும் அதில்தான். என்ன செய்வது?

கணினியில் தனித்தனிப் பயனர் கணக்குகளைத் திறவுங்கள். நிர்வாகி உரிமை உள்ள கணக்கு ஒன்றே இருக்கட்டும். அதன் கடவுச்சொல் பெரியவர் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். பிள்ளைகளுக்கும், ஏன், வங்கி வேலை செய்யும் உங்களுக்கும்கூடச் சாதாரணக் கணக்குகளே போதும். புதிய மென்பொருள் கணினி முழுவதிலும் பதிய முயலும்போது நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும் என்பதால், “அப்பா, இதைப் போடட்டுமா?” என்ற கேள்வி உங்களிடம் வந்து சேரும். அந்தக் கேள்வி வருவதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய பயன். ஆயினும் நிர்வாகி உரிமை இல்லாமலே ஓடிவிடும் நிரல்களும் உண்டு என்பதால் இது முழுக் காப்பு ஆகாது.

சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் கடந்த கால வினாத்தாள்களைத் தேடும்போது கண்ணில் படும் பெரிய பச்சை நிறத் ‘தரவிறக்கு’ பொத்தான்கள் பல நேரங்களில் விளம்பரங்களே. வினாத்தாள் என்றால் பீடிஎஃப் கோப்பாகத்தான் வரும், அது தன்னை நிறுவச் சொல்லிக் கேட்காது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

வங்கியின் பெயரைக் கூகுளில் தேடி, முதலில் வரும் இணைப்பை அழுத்துகிறேன். அது சரிதானே?

சரியல்ல. தேடலில் முதலில் வருவது சில வேளைகளில் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். போலித் தளத்தை நடத்துபவரும் விளம்பரம் போடலாம். வங்கி தந்த படிவத்திலோ கணக்குப் புத்தகத்திலோ உள்ள முகவரியை ஒருமுறை எழுத்தெழுத்தாகத் தட்டி, தளம் திறந்ததும் உலாவியில் புக்மார்க் செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு எப்போதும் அந்தப் புக்மார்க்கினூடாகவே போங்கள். மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் வட்ஸ்அப்பிலும் வரும் இணைப்பு வழியாக வங்கிக்குள் ஒருபோதும் நுழைய வேண்டாம். செய்தி உண்மையாகவே வங்கியிலிருந்து வந்திருந்தாலும், புக்மார்க் வழியாகப் போவதால் உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை.

முகவரியை வாசிக்கும் முறை ஒன்று உண்டு. தொடக்கத்தில் ‘https://’ இருந்தால் அதை விட்டுவிட்டு, அதன் பின் முதலில் வரும் சாய்கோட்டுக்கு (/) முன்னால் உள்ள பகுதியை மட்டும் எடுத்து, அதை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக வாசிக்க வேண்டும். முகவரி ‘டொட் எல்கே’ என்று முடிந்தால், அதற்கு ஒட்டி முன்னால் நிற்கும் சொல்தான் தளத்தின் உண்மையான உரிமையாளரைக் காட்டும். அதற்கும் இடப்பக்கத்தில் எந்த வங்கியின் பெயரை வேண்டுமானாலும் எவரும் எழுதிக்கொள்ளலாம். எல்லா வங்கிகளும் எல்கே முடிபையே பாவிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், முடிபை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

பூட்டு அடையாளம் இருந்தால் தளம் நம்பகமானது என்று சொல்கிறார்களே?

அது பழைய அறிவுரை. உங்கள் கணினிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் தகவல் பிறர் வாசிக்க முடியாதபடி மறையாக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பூட்டு காட்டுகிறது. தளத்தை நடத்துபவர் நல்லவரா என்பதை அது சொல்வதில்லை. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் போலித் தளங்களிலும் பூட்டு இருக்கும். மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதற்காகவே குரோம் உலாவி 2023 செப்டெம்பரில் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறொரு குறியை வைத்தது. ஆனால் வங்கித் தளத்தைத் திறக்கும்போது “இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல” என்று உலாவி எச்சரித்தால், அந்த எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகவே கூடாது. கணினியின் திகதி பிழையாக இருந்தாலும் அந்த எச்சரிக்கை வரும். தாய்ப்பலகையில் உள்ள சிறு பற்றரி இறந்துபோன பழைய கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். திகதியைத் திருத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

கடவுச்சொல்லை எங்கே வைப்பது? எழுதி வைக்கலாமா?

எழுதி வைக்கலாம் என்பதே எமது பதில்; பலர் இதை ஏற்க மாட்டார்கள். இணையத்தில் இருந்து திருடுபவரால் உங்கள் அலுமாரியைத் திறக்க முடியாது. நீளமான கடவுச்சொல் ஒன்றை ஒரு கொப்பியில் எழுதி, காணி உறுதியும் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் இருக்கும் இடத்தில் பூட்டி வைப்பது, மனத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகப் பிறந்த ஆண்டையும் பிள்ளையின் பெயரையும் சேர்த்து ஒரு சொல்லை வைப்பதைவிட மேலானது. கணினியில் ஒட்டி வைப்பதும், கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பதும், தனக்குத் தானே வட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பதும் வேறு கதை, அவற்றைச் செய்யாதீர்கள்.

“கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா?” என்று உலாவி கேட்கும்போது, வங்கித் தளத்துக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலே சொன்ன திருடும் நிரல்கள் முதலில் தேடிப் போவது அந்தச் சேமிப்பைத்தான். பிற்வோர்டன், கீபாஸ் போன்ற கடவுச்சொல் மேலாண்மை மென்பொருள்களைப் பழகிக்கொள்ள முடிந்தவர்களுக்கு அவை மிக நல்ல தெரிவு. புதிய முகவரி ஒன்றில் அவை கடவுச்சொல்லைத் தானாக நிரப்ப மறுப்பதால், போலித் தளத்தையும் அவை காட்டிக்கொடுத்துவிடும்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கடவுச்சொல்லாகவோ இரகசிய இலக்கமாகவோ வைக்காதீர்கள். இடம்பெயர்வுக் காலத்திலிருந்து இன்றுவரை எத்தனை பதிவுகளில், எத்தனை நிவாரணப் பட்டியல்களில், எத்தனை நிழற்பிரதிகளில் அந்த இலக்கம் எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே காரணம் விளங்கும். வன்னியில் ஒருவரின் அடையாள அட்டை இலக்கம் இரகசியமே அல்ல.

மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் ஒரே கடவுச்சொல் வேண்டாம். வங்கியின் கடவுச்சொல்லை மீட்கும் வழி பல வேளைகளில் மின்னஞ்சலினூடாகப் போவதால், மின்னஞ்சலைப் பிடித்தவர் மற்றதையும் பிடித்துவிடுவார்.

ஓடிபி வருகிறதே, அது போதாதா?

ஓடிபி எனப்படும், வங்கி கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் மிகப் பெரிய பாதுகாப்புத்தான், ஆனால் அதை நாம் பாவிக்கும் முறையால் அதன் பலத்தில் பாதியை இழந்துவிடுகிறோம். 2007 அளவில் வெளிப்பட்ட சூஸ் என்ற நச்சு நிரலும் அதன் வழி வந்தவையும் கணினியின் உலாவிக்குள் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் தங்கையின் கணக்குக்கு 15,000 ரூபாய் அனுப்பக் கட்டளை கொடுத்தால், திரையில் தங்கையின் பெயரையும் 15,000 ரூபாயையும் காட்டிக்கொண்டே, வங்கிக்கு வேறொரு கணக்கு இலக்கத்தையும் வேறொரு தொகையையும் அனுப்ப அத்தகைய நிரலால் முடியும். தளம் உண்மையானது, முகவரி சரியானது, கடவுச்சொல்லும் உங்களுடையதே. திரையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழி கிடையாது.

கண்டுபிடிக்கக்கூடிய ஒரே இடம் உங்கள் கைத்தொலைபேசிக்கு வரும் அந்தக் குறுஞ்செய்தி. வங்கி தனக்குக் கிடைத்த கட்டளையின்படியே அதை அனுப்புகிறது, கெட்டுப்போன கணினியால் அதை மாற்ற முடியாது. ஆகவே ஆறு இலக்கங்களை மட்டும் பார்த்துத் தட்டாமல், செய்தி முழுவதையும் வாசியுங்கள். தொகையும் பெறும் கணக்கின் கடைசி இலக்கங்களும் அதில் இருந்தால், அவை நீங்கள் நினைத்தவைதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் வருகிறதே என்று தயங்க வேண்டாம். இலக்கங்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதான். உங்கள் வங்கியின் செய்தியில் தொகை வருவதில்லை என்றால், ஒவ்வொரு கொடுப்பனவுக்குப் பின்னும் அறிவித்தல் வரும்படி கிளையில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். நாளாந்த உச்ச வரம்பையும் உங்கள் தேவைக்கு மேல் போகாதபடி குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதுகாப்பு முழுவதும், கணினியும் கைத்தொலைபேசியும் இரு வேறு பொருள்களாக இருப்பதில்தான் தங்கியிருக்கிறது. குறுஞ்செய்திகளைக் கணினித் திரையிலேயே காட்டும் வசதிகளை இணைத்து வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். வீட்டின் இரண்டு சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து வாசலில் தொங்கவிடுவது போன்றது அது. வங்கி வேலை செய்யும் கணினியில் அந்த இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. செய்தி வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

ஒட்டுசுட்டானுக்கும் துணுக்காய்க்கும் உள்ளே போகப் போக இது உண்மையான சிரமம். சிலர் சிக்னல் கிடைக்கும் இடத்தில் இருக்கும் உறவினரின் இலக்கத்தை வங்கியில் பதிந்துவிட்டு, தேவைப்படும்போது அவரிடம் கேட்டு வாங்குகிறார்கள். அது மிகவும் பிழையான ஏற்பாடு. பிணக்கு வந்தால் வங்கியும் உங்கள் பக்கம் நிற்காது. உங்கள் வீட்டுப் பக்கத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக உள்ளதோ அதன் சிம் அட்டையை உங்கள் பெயரில் எடுத்து, அந்த இலக்கத்தை நேரே கிளைக்குப் போய்ப் பதியுங்கள். வீட்டில் கம்பி வழி இணையமோ ரவுட்டரோ இருந்தால், சிக்னல் இல்லாமலே குறியீடு தரும் வங்கிச் செயலி உங்கள் வங்கியில் உண்டா என்று விசாரியுங்கள்.

சிம் அட்டை உங்கள் பெயரில் இருப்பதும் அவசியம். முகாம்களில் இருந்த காலத்தில் வேறொருவரின் அடையாள அட்டையில் எடுத்த சிம்மை இன்னும் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள். பதிவில் பெயர் உள்ளவர் நினைத்தால் அந்த இலக்கத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொள்ளலாம். கைத்தொலைபேசியில் திடீரென்று சிக்னல் முற்றாக இல்லாமல் போய், பக்கத்தில் இருப்பவரின் அதே நிறுவனத் தொலைபேசி வேலை செய்தால், உடனே தொலைபேசி நிறுவனத்துக்கும் வங்கிக்கும் அறிவியுங்கள்.

கனடாவில் இருக்கும் என் மகன்தான் என் கணக்கை அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறான். ஓடிபியை நான் வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பரவாயில்லையா?

மகன்மேல் உள்ள நம்பிக்கை வேறு, வழி பாதுகாப்பானதா என்பது வேறு. மகனின் வட்ஸ்அப் கணக்கை ஒருவர் கைப்பற்றினால், மகனைப் போலவே எழுதி உங்களிடம் ஓடிபி கேட்பார், நீங்களும் வழமைபோல அனுப்பிவிடுவீர்கள். ஓடிபியைப் பிறரிடம் கொடுக்கக் கூடாது என்று எல்லா வங்கிகளும் நிபந்தனையில் எழுதியிருக்கின்றன. கொடுத்தது தெரிந்தால் இழப்பை வங்கி ஏற்காது. மகனுக்கு உண்மையாகவே கணக்கைக் கையாள வேண்டிய தேவை இருந்தால், அவரைச் சேர்த்துக் கூட்டுக் கணக்காக மாற்றி அவருக்கென்று தனிப் பயனர் பெயரைப் பெறுவது, அல்லது அற்றோர்னித் தத்துவம் கொடுப்பது குறித்துக் கிளை முகாமையாளருடன் பேசுங்கள். ஒரேயொரு நாள் அலைச்சலோடு அது முடிந்துவிடும்.

கரண்ட் நின்று கணினி பாதியில் அணைந்தால் காசு போய்விடுமா?

போகாது. கட்டளை வங்கியைச் சேர்ந்திருந்தால் வேலை முடிந்திருக்கும், சேராவிட்டால் எதுவும் நடந்திருக்காது. மின்சாரம் வந்ததும் மறுபடி அனுப்பாமல், முதலில் கணக்கின் அண்மைய நடவடிக்கைகளைப் பாருங்கள். அவசரத்தில் இரண்டு தடவை அனுப்பியவர்கள்தான் அதிகம்.

கணினி நிலையத்தில், அல்லது பேருந்து நிலைய வைபையில் வங்கித் தளத்தைத் திறக்கலாமா?

கணினி நிலையத்தில் வேண்டாம். அங்குள்ள கணினியில் யார் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று உரிமையாளருக்கே தெரியாது. பொது வைபை அந்த அளவு ஆபத்தானதல்ல, ஆனால் உங்கள் கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட் இருக்கும்போது அதை நாடத் தேவையில்லை. கணக்குக் கூற்றை அச்சடிக்கக் கடைக்குக் கொண்டுபோன பென்டிரைவ் வைரஸோடு திரும்பி வருவதும் வழமை; அதைச் செருகியதும் டிஃபெண்டரால் பரிசோதியுங்கள், அதற்குள் புதிதாகத் தோன்றிய எதையும் திறக்காதீர்கள்.

வங்கியில் இருந்து பேசுவதாகச் சொல்லி, கணினியில் எனிடெஸ்க் போடச் சொன்னார்கள். போடலாமா?

உடனே அழைப்பைத் துண்டியுங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல நோக்கத்துக்கு உருவாக்கப்பட்ட மென்பொருள்களே. தூரத்தில் இருப்பவர் உங்கள் கணினியை இயக்க அவை உதவுகின்றன. மோசடிக்காரர் வேண்டுவதும் அதைத்தான். உங்கள் கணினித் திரையைப் பார்க்க வேண்டிய தேவை வங்கிக்கு ஒருபோதும் வராது. தமிழில், அதுவும் நம்மூர்ப் பேச்சில், மரியாதையாக “அம்மா, ஐயா” என்று பேசுவதால் மட்டும் ஒருவர் வங்கி ஊழியர் ஆகிவிட மாட்டார். சந்தேகம் இருந்தால், வங்கி அட்டையின் பின்புறம் உள்ள இலக்கத்துக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

என் கணக்குக்குக் கொஞ்சக் காசு வரும், எடுத்துக் கொடுத்தால் ஒரு பங்கு தருவதாக ஒருவர் கேட்கிறார். இதில் என்ன பிழை?

அது பெரும்பாலும் இன்னொருவரின் கணக்கிலிருந்து திருடிய காசு. காவல்துறை தடம் பார்த்து வரும்போது முதலில் அகப்படுவது உங்கள் பெயரும் முகவரியும்தான். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழ் நீங்களே குற்றவாளியாகலாம். வேலையில்லாத இளைஞர்களைக் குறிவைத்து “வீட்டிலிருந்தே கணினியில் வேலை” என்று வரும் அறிவித்தல்களில் சில இந்த வேலைக்கே ஆள் பிடிக்கின்றன. வங்கிக் கணக்கையோ அதன் இணையப் பயனர் பெயரையோ வாடகைக்குக் கொடுக்காதீர்கள்.

எங்கள் கமக்கார அமைப்பின் கணக்கை இணையத்தில் நடத்தலாமா?

நடத்தலாம், ஆனால் காசோலையில் இரண்டு கையொப்பம் கேட்கும் கணக்கை ஒருவரின் ஒற்றைக் கடவுச்சொல்லுக்குள் அடக்கிவிடாதீர்கள். ஒருவர் கட்டளையைப் பதிய, இன்னொருவர் தன் சொந்தப் பயனர் பெயரில் அதை அனுமதிக்கும் ஏற்பாடு அமைப்புக் கணக்குகளுக்கு உண்டு. கிளையில் அதைக் கேட்டு வாங்குங்கள். இருவரும் வேறு வேறு கணினியைப் பாவிப்பது நல்லது. நிர்வாகம் மாறும் பொதுக்கூட்டத் தீர்மானத்தோடு பழைய பொருளாளரின் பயனர் பெயரையும் நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். பல சங்கங்கள் மறந்துபோவது இதைத்தான்.

எனக்குத் தெரியாமல் காசு போய்விட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் வங்கியின் 24 மணிநேரத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, இணைய அணுகலையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். செஃப்ட்ஸ் என்ற முறையில் வங்கிகளுக்கிடையே காசு சில விநாடிகளில் போய்விடுவதால், பெற்றவர் அதை எடுப்பதற்கு முன் தடுக்க வேண்டுமானால் நிமிடங்களே கையில் இருக்கின்றன. விடியட்டும், கிளைக்கு நேரே போய்ச் சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். அழைத்த நேரத்தையும், பேசியவரின் பெயரையும், அவர் தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதி வையுங்கள். கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். ஆனால் அதில் எதையும் அழிக்க வேண்டாம், அது சான்று. கடவுச்சொற்களை வேறொரு நம்பகமான கருவியில் இருந்து மாற்றுங்கள்.

அதன் பின் கிளைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை பெறுங்கள். தமிழிலேயே எழுதலாம். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதியுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதைக் குற்றமாக்கியிருக்கிறது. தொழில்நுட்ப ஆலோசனைக்கு, கணினிப் பாதுகாப்புக்கான தேசிய அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். வங்கியின் பதில் திருப்தி தராவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அணுகலாம், ஆனால் வங்கியிடம் முதலில் முறையிட்டதற்கான ஆதாரத்தை அவர்கள் கேட்பார்கள். முத்திரை குத்திய பிரதி தேவைப்படுவது அப்போதுதான்.

உங்கள் சொந்தத் தவறால் வேறொரு கணக்கு இலக்கத்துக்கு அனுப்பிவிட்டீர்கள் என்றாலும் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். பெற்றவரின் சம்மதம் இல்லாமல் வங்கி தானாக அதைத் திருப்பி எடுக்க முடியாது என்பதால், புதியவர் ஒருவருக்கு முதல் தடவை அனுப்பும்போது 100 ரூபாய் அனுப்பி, கிடைத்ததை உறுதி செய்த பின் மீதியை அனுப்புவது நல்ல வழக்கம்.

பழைய கணினியை விற்கப்போகிறேன். கோப்புகளை அழித்தால் போதுமா?

போதாது. அழித்த கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் எளிதாகக் கிடைக்கின்றன. விண்டோஸ் அமைப்புகளில் கணினியை மீளமைக்கும் தெரிவுக்குள் போய், எல்லாவற்றையும் அகற்றி வட்டையும் துடைக்கும் வகையைத் தெரிவு செய்யுங்கள். சில மணிநேரம் எடுக்கும், மின்சாரம் நிற்காத நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். கணினி இயங்கவே இல்லையென்றால், வன்தட்டைக் கழற்றி உங்களிடம் வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் விற்கலாம்.